கொடைக்கானல்ல புகையிலைச் செடி வளக்குறேன், காயவச்ச இலையெல்லாம் பூசணம் புடிக்குது, யாராச்சும் வழி சொல்லுங்க

நாயுடுபுரம்_மாடிவீடு:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க கொடைக்கானல் நாயுடுபுரத்துல மாடி வீட்ல வாடகைக்கு இருக்கோம், முன்னாடி ஒரு பத்தடி பால்கனி, பின்னாடி வீட்டுக்காரர் எங்களுக்குன்னு விட்ட ஒரு துண்டு தோட்டம். சொந்த ஊரு வேடசந்தூர் பக்கம். தாத்தா காலத்துல எங்க காட்ல புகையிலைதான் வெள்ளாமை, இப்ப அதெல்லாம் முருங்கையும் சோளமும் ஆயிடுச்சு. தாத்தா போனப்புறம் பரண சுத்தம் பண்ணும்போது ஒரு பழைய பவுடர் டப்பால வெதை கெடச்சுது, மூக்குப்பொடி மாதிரி அவ்ளோ பொடிசு, மூச்சு விட்டா பறந்துரும். அப்பத்தா பாத்த உடனே புகையிலை வெதைடான்னு சொல்லிட்டாங்க. அந்த வெதைய முளைக்க வைக்காம விட மனசு வரல.

முதல் வருஷம் தாத்தா கணக்குப்படி புரட்டாசில நாத்து விட்டேன். ஊர்ல அப்பத்தான் விடுவாங்க, ஐப்பசி கார்த்திகைல நடுவாங்க. இங்க ஐப்பசி மழைல பாதி நாத்து அடித்தண்டு அழுகி சாஞ்சிடுச்சு, தப்பிச்ச எட்டு செடியும் மார்கழில ஒரே ராத்திரில போச்சு, காலைல எந்திரிச்சு பாத்தா வெந்த கீரை மாதிரி கருத்து தொங்குது. இந்த வருஷம் மாசி மாசம் சமையக்கட்டு ஜன்னலோரமா தட்டுல நாத்து விட்டு சித்திரைல எடுத்து நட்டேன். பால்கனில பெயிண்ட் பக்கெட்ல நாலு, பின்னாடி தக்காளி பக்கத்துல ரெண்டு. இப்ப ஆடில என் நெஞ்சு ஒயரம் நிக்குது, உச்சில ரோஸ் கலர்ல பூ.

இப்ப பிரச்சனைக்கு வர்றேன். அடி இலைய ஒடிச்சு சமையக்கட்டுல கயிறு கட்டி தொங்கவிட்டேன், பத்து நாள்ல நடு நரம்பு பூரா வெள்ளைப் பூசணம். பின்னாடி இருக்குற ரெண்டு செடில மட்டும் இலை திட்டுத்திட்டா வெளிர்பச்சை கரும்பச்சையா இருக்கு, கொழுந்து சுருங்கி வருது, சத்துக் கொறையா என்னன்னு தெரியல. அப்புறம் ஊர்ல இருந்து தாத்தா காட்டு மண்ணு ரெண்டு மூட்டை கொண்டாந்து போடலாம்னு இருக்கேன், அந்த மண்ணுக்குத்தான் அந்த வாசம்னு அப்பத்தா சொல்றாங்க. அவங்களுக்கு 78 வயசு, வெத்தலையோட புகையிலை போடுவாங்க, கடைல வாங்குறது மருந்தடிச்சது நம்ம செடின்னா சுத்தம்னு சொல்லி இந்த இலைக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க. மிச்ச இலைல கஷாயம் போட்டு ரோஜால இருக்குற அசுவினிக்கும் தக்காளிக்கும் அடிக்கலாம்னு நெனப்பு.

இலை பூரா ஒடிச்சும் முடிக்கல. போன ஞாயித்துக்கிழமை மூடுபனில நனைஞ்சுக்கிட்டே எம்பொண்ணு புடிச்சுக்க நான் ஒடிச்சு ஒடிச்சு குடுத்தேன், மதியத்துக்கு மேல எனக்கு ஒரே தலைசுத்தல் வாந்தி, காலைல சாப்ட்ட பழைய இட்லி ஒத்துக்கல போல, அதோட விட்டுட்டேன். வளத்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

வேடசந்தூர்_வெள்ளாமை:

தம்பி, மத்ததெல்லாம் அப்புறம். இட்லி மேல பழி போடாதீங்க, உங்களுக்கு வந்தது புகையிலைக் கெறக்கம். பச்சை இலைல ஈரம் இருக்கும்போது அதுல இருக்குற நிக்கோட்டின் தண்ணில எறங்கி தோல் வழியா ஒடம்புக்குள்ள போயிடும், வாயில போடணும்னு இல்ல, கையில பட்டா போதும், நனஞ்ச சட்டை ஒடம்போட ஒட்டிக்கிட்டு இருந்தா இன்னும் மோசம். தலைவலி, கெறக்கம், கொமட்டல், வாந்தி, வேர்த்து ஊத்தும், சில பேருக்கு நெஞ்சு படபடக்கும். இலை பறிக்கிற எல்லா நாட்லயும் கூலியாளுங்களுக்கு இது வருது.

எனக்கு பதினாலு வயசுல வந்துச்சு. தை மாசம், பனி எறங்குன காலை நேரம், வெட்டுன செடிய தோள்ல அணைச்சுக்கிட்டு வரப்புக்கும் களத்துக்கும் நடந்தேன், சட்டை இடது பக்கம் முழுக்க நனஞ்சு பிசுபிசுன்னு கருப்பா ஆயிடுச்சு. பத்து மணிக்கு களத்து மேட்டுலயே உக்காந்து கொடல் வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுத்தேன். எங்கம்மா ஒண்ணும் கேக்கல, சட்டைய கழட்டி தூரப்போட்டு சோப்பு போட்டு கைகால் கழுத்து எல்லாம் தேச்சு குளிக்க வச்சு படுக்க வச்சாங்க. அன்னிலேர்ந்து வெயிலேறி பனி காஞ்சப்புறம்தான் காட்டுக்குள்ள எறங்குறது.

உங்க ஊர்ல மூடுபனி பகல்லயே எறங்குது. அதனால முழுக்கை சட்டை, ரப்பர் கையுறை, இலை நல்லா காஞ்ச நேரம், இந்த மூணும் இல்லாம தொடாதீங்க. பாப்பா கிட்டயே வரக்கூடாது. சின்ன ஒடம்புக்கு கொஞ்சமே போதும். அன்னிக்கு இலைய கையில புடிச்சிருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க, அதுக்கும் ஏதாச்சும் பண்ணுச்சா?

இனி மண்ணு. தயவுசெஞ்சு அந்த ரெண்டு மூட்டைய கொண்டு போயிடாதீங்க. பழைய புகையிலைக் காட்டு மண்ணுல புகையிலைக் காளான் வெதை கெடக்கும். பேர்தான் காளான், உண்மைல அது ஒரு ஒட்டுண்ணிச் செடி, பச்சையே கெடையாது, புகையிலை வேர்ல ஒட்டி உறிஞ்சிக்கிட்டு நட்ட ஒண்ணரை மாசத்துல தண்டுக்கு பக்கத்துல மண்ணப் பொளந்துக்கிட்டு வெளிறிப்போன குச்சியா வந்து ஊதாவா பூக்கும். அது வெதை புகையிலை வெதைய விட பொடிசு, வருஷக்கணக்கா மண்ணுல உசுரோட கெடக்கும், தக்காளி கத்திரியையும் விடாது. அங்க மலைத்தோட்டத்துல இல்லாத ஒண்ண நீங்களா கொண்டு போயி வெதைச்ச மாதிரி ஆயிடும். வாசம் மண்ணுல மட்டும் இல்ல தம்பி, வெதைச் சாதியும் பதப்படுத்துற பாடமும் சேந்ததுதான் வாசம்.

பாடம்னா வெறுமனே காயவைக்கிறது இல்ல. இலை மொதல்ல மெதுவா மஞ்சளாகணும், அப்புறம்தான் பழுப்பு. வெயில்ல வேகமா காஞ்சா பச்சையாவே நின்னு வைக்கோல் வாசம் அடிக்கும். ஊர்ல செடியோட வெட்டி வாட விட்டு வெயில்ல காட்டி, அப்புறம் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி அட்டி போட்டு பெரட்டிப் பெரட்டி வைப்போம். அந்த முறை உங்க ஈரத்துக்கு ஆகாது, அட்டி போட்டா அழுகல்தான். சமையக்கட்டுல ஆவி இருக்கு, அங்க வேண்டவே வேண்டாம். ஒரு இலைக்கும் அடுத்த இலைக்கும் நாலு வெரக்கட இடைவெளி விட்டு, காத்தோட்டமான மழை படாத எடத்துல தொங்கவிடுங்க. பரப்பு காஞ்சிருச்சுன்னு நம்பாதீங்க, நடு நரம்புதான் கடைசியா காயும், பூசணமும் அங்கதான் தொடங்கும். நரம்ப மடக்குனா டக்குனு ஒடியணும், வளைஞ்சா இன்னும் ஈரம் இருக்கு. பூசணம் புடிச்சதை தொடச்சு வைக்கிற வேலையே வேண்டாம், குழி தோண்டி பொதைச்சிடுங்க.

வில்பட்டி_கிழங்குக்காடு:

அண்ணன் சொன்னது எல்லாம் சரி. நான் அந்த திட்டு இலை பத்தி சொல்றேன், அது சத்துக் கொற மாதிரி தெரியல. வெளிர்பச்சை கரும்பச்சை கலந்து கொழுந்து சுருங்குதுன்னா தேமல் நோய், புகையிலை மொசைக் வைரஸ். வைரஸ்னு ஒண்ணு தனியா இருக்குன்னு ஒலகத்துக்கு தெரிஞ்சதே இந்த செடியாலதான், 1892ல ரஷ்யாவுல இவானோவ்ஸ்கியும் 1898ல ஹாலந்துல பெய்ஜெரிங்கும் இந்த தேமல் இலைய அரைச்சு, பாக்டீரியா போக முடியாத வடிகட்டில வடிகட்டி, அந்தச் சாறு அப்பவும் நோய் பரப்புதுன்னு கண்டுபுடிச்சாங்க. அவ்ளோ பிடிவாதமான கிருமி. காஞ்ச இலைல வருஷக்கணக்கா சாகாது. அதனாலதான் பீடி சிகரெட் புடிச்ச கையோட தக்காளிய தொடாதன்னு சொல்றது.

நீங்க தக்காளி பக்கத்துல நட்டிருக்கீங்க, அதுதான் எனக்கு பயமா இருக்கு. புகையிலை, தக்காளி, மிளகா, கத்திரி, உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே குடும்பம். அசுவினி வேற ஒரு வைரஸ கிழங்குக்கும் புகையிலைக்கும் மாத்தி மாத்தி தூக்கிட்டுப் போகும், ஒய் வைரஸ்னு சொல்லுவாங்க. வெதைக்கிழங்குல அது ஏறிட்டா அடுத்த வருஷ மகசூல் போச்சு. நம்ம மலையில கிழங்க நம்பி எத்தன குடும்பம் இருக்குன்னு உங்களுக்கே தெரியும், பக்கத்து காட்ல கிழங்கு இருந்தா தயவுசெஞ்சு தோட்டத்துல புகையிலை வேண்டாம்.

நாலு வருஷத்துக்கு முன்னாடி எனக்கே பட்டுச்சு. தக்காளிக்கு குச்சி கட்டுறப்ப நான் வாயில புகையிலைய அதக்கிக்கிட்டு அதே வெரலால கயிறு முடிஞ்சுக்கிட்டு வந்தேன். மூணு வாரத்துல நான் கட்டுன வரிசை மட்டும் தேமல், என் வீட்டுக்காரி கட்டுன வரிசை சுத்தமா நின்னுச்சு. இருநூறு செடி புடுங்குனேன். அதோட புகையிலை போடுறதையும் விட்டுட்டேன், அந்த வரிசைய பாத்தப்புறம் வாயில வைக்க புடிக்கல.

அந்த ரெண்டு செடியையும் வேரோட புடுங்கி வெளிய எடுத்துட்டுப் போயி எரிங்க, எரு குழில போடாதீங்க, எரிக்கும்போது பொகை அடிக்கிற பக்கம் நிக்காதீங்க. கத்தி, கை, கயிறு எல்லாம் சோப்பு போட்டு கழுவுங்க. பால்பவுடர் கரைச்ச தண்ணில கைய முக்கிட்டு அடுத்த செடிய தொட்டா பரவுறது கொறையும், நாத்து நடுறப்ப நான் இப்ப அப்படித்தான் பண்றேன். கஷாயத்த தக்காளி மேல அடிக்கவே கூடாது, ஊறவச்ச தண்ணில வைரஸ் உசுரோட இருக்கும், நீங்களே தெளிச்சு விட்ட மாதிரி ஆகும். ரோஜா அசுவினிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்பு, இலையோட அடிப்பக்கம் படுற மாதிரி சாயந்தரம் அடிங்க, வாரம் ஒரு தடவ மூணு தடவ அடிச்சா போதும்.

கோத்தகிரி_பூந்தோட்டம்:

நான் நீலகிரிலேர்ந்து எழுதுறேன். தம்பி, மாசில வீட்டுக்குள்ள நாத்து விட்டு சித்திரைல வெளிய வச்சீங்க பாருங்க, மலைக்கு அதுதான் சரியான கணக்கு. எங்களுக்கு ஊட்டி தலைகுந்தா அளவுக்கு பனி விழாது, ஆனாலும் மார்கழி தைல இந்த செடி வெளிய நிக்காது. வெதைய மண்ணு போட்டு மூடக்கூடாதுங்கறது மட்டும் புதுசா வளக்கறவங்க தெரிஞ்சுக்கணும், முளைக்க வெளிச்சம் வேணும், மேல தூவி லேசா அமுக்கி விட்டா போதும். ஒரு கிராம்ல 10,000க்கு மேல வெதை இருக்கும், அதனால மணலோட கலந்து தூவுங்க, அடத்தியா முளைச்சாதான் அடித்தண்டு அழுகல் வரும். தண்ணி மேலேர்ந்து ஊத்தாம தட்டுக்கு அடியில விடுங்க.

நான் வளக்கறது பூவுக்கு. நிகோடியானா அலாட்டா, நிகோடியானா சில்வெஸ்ட்ரிஸ்னு ரெண்டு அழகுச் சாதி இருக்கு, சில்வெஸ்ட்ரிஸ் ஆள் ஒயரம் வரும், வெள்ளையா நீளக் குழல் மாதிரி பூ கொத்தா தொங்கும். பகல்ல வாடிப்போன மாதிரி தெரியும், ஆறு மணிக்கு மேல விரியும்போது வர்ற வாசம் இருக்கே, மல்லியும் இல்ல எரவுராணியும் இல்ல, பனியோட சேந்து வாசப்படி வரைக்கும் வரும். டார்ச் அடிக்காம கொஞ்ச நேரம் நின்னீங்கன்னா பெரிய பெரிய அந்துப்பூச்சி வரும், பூவுல உக்காராது, அந்தரத்துல நின்னுக்கிட்டே நீளக் குழாய விட்டு உறிஞ்சும். நான் தெனமும் பாக்கறேன், இன்னும் அலுக்கல. இலை தண்டெல்லாம் பசை மாதிரி ஒட்டும், சின்ன ஈயெல்லாம் அதுல ஒட்டிக்கிட்டு செத்துக் கெடக்கும். பேக்கெட் வாங்கறப்ப குட்டையா பல கலர்ல வர்ற கலப்பு சாதிய வாங்கிராதீங்க, அதுல நெறைய வகைக்கு வாசமே இருக்காது. அழகுச் சாதின்னாலும் நிக்கோட்டின் இருக்கு, ஆடு மாடு கொழந்தைங்க எட்டாத எடம்தான் அதுக்கும்.

இன்னொண்ணு. மலையில யாராச்சும் உங்ககிட்ட இங்கயே காட்டுப்புகையிலை இருக்கேன்னு காட்டுவாங்க. புல்வெளி ஓரத்துல, சோலை ஓரத்துல ஆள விட ஒயரமா நின்னு உச்சில வெள்ளைப் பூ கதிர் விடும், இலை அச்சு அசல் புகையிலை மாதிரியே இருக்கும். அது புகையிலையே இல்ல, லோபீலியா. ஒடிச்சா பால் வரும், அதுல அடையாளம் தெரிஞ்சுக்கலாம். அதுவும் வெஷம், வேற வெஷம். பறிக்கவோ காயவைக்கவோ கூடாது, காட்ல நிக்கட்டும்.

தாண்டிக்குடி_செவிலி:

நான் கீழ்ப்பழனி மலைல நர்ஸா வேல பாக்குறேன். அப்பத்தா விஷயம் மட்டும் சொல்லிட்டுப் போறேன். நம்ம செடி சுத்தம்னு அவங்க நெனைக்கிறது புரியுது, காப்பித்தோட்டத்துல வேல பாக்குற எல்லா பாட்டிமாரும் எங்கிட்ட அதையேதான் சொல்றாங்க. ஆனா புத்துநோய் உண்டாக்குறது பூச்சிமருந்து இல்ல தம்பி, இலையேதான். காயவச்சு பாடம் போடும்போதே இலைக்குள்ள நைட்ரோசமின்னு ஒரு நஞ்சு உண்டாகுது, ஈரத்துல ரொம்ப நாள் கெடந்தா அதிகமாகும். அந்தக் கணக்குல பாத்தா பூசணம் புடிக்கிற ஈரத்துல வச்ச உங்க இலை கடை இலைய விட நல்லதுன்னு யாரும் சொல்ல முடியாது.

78 வயசுல திட்டி நிறுத்த முடியாது, திட்டாதீங்க. ஆனா நல்ல வெளிச்சத்துல உக்கார வச்சு வாயத் தொறக்கச் சொல்லி பாருங்க. கன்னத்து உள்பக்கம், நாக்குக்கு அடியில, புகையிலைய அதக்குற பக்கம், வெள்ளையாவோ செவப்பாவோ படலம் இருக்கா, ரெண்டு வாரமா ஆறாத புண்ணு இருக்கா, மூணு வெரல் நுழையுற அளவுக்கு வாய் தொறக்குதா. ஏதாச்சும் ஒண்ணு இருந்தா பல் டாக்டர்கிட்ட உடனே கூட்டிட்டுப் போங்க, வலி இல்லன்னு விட்டுறாதீங்க, ஆரம்பத்துல வலிக்காது. நான் பாத்த ஒரு அம்மா வலி வந்தப்புறம்தான் வந்தாங்க, தாடைல பாதிய எடுக்க வேண்டியதாப் போச்சு. வெத்தலைல புகையிலைய கொறச்சு கிராம்பு, சுக்கு, சோம்புன்னு மாத்திக்கிட்டே வந்து விட்டவங்களும் இருக்காங்க. 1800 11 2356ன்னு அரசாங்கத்தோட இலவச நம்பர் இருக்கு, புகையிலைய விட ஆலோசனை சொல்லுவாங்க, வீட்ல யாரு வேணா கூப்புடலாம்.

கஷாயம் போடவே போடாதீங்க. பாக்க கடுங்காப்பி மாதிரியே இருக்கும். தண்ணி பாட்டில்ல ஊத்தி பால்கனில வச்சிருந்து கொழந்த குடிச்சிருச்சுன்னா ஆஸ்பத்திரி போறதுக்குள்ளயே ஒண்ணும் பண்ண முடியாமப் போகலாம். மலையில எறங்கி வர எவ்ளோ நேரமாகும்னு யோசிச்சுப் பாருங்க.

நாயுடுபுரம்_மாடிவீடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அண்ணே, நீங்க எழுதுனத படிச்சிட்டு பொண்ணுகிட்ட கேட்டேன். அன்னிக்கு அவளுக்கும் தலைவலின்னு மத்தியானம் சாப்டாம தூங்கியிருக்கா, அவங்கம்மா வெளையாடுன களைப்புன்னு நெனைச்சு விட்டிருக்கா. எனக்கு கையே நடுங்கிடுச்சு. அத கேட்ட சாயந்தரமே பின்னாடி ரெண்டு செடியையும் கையுறை போட்டு புடுங்கி எரிச்சிட்டேன், தொங்கவிட்ட இலைய பொதைச்சிட்டேன், கஷாயம் யோசனையும் மண்ணு மூட்டையும் கேன்சல். பால்கனில நாலு செடிக்கும் இலை சுத்தமா இருக்கு, ஆனா பாப்பா கை எட்டாத மாதிரி கம்பி வலை கட்டிட்டேன், இந்த வருஷத்தோட அந்த நாலும் போதும். அடுத்த மாசில கோத்தகிரி அக்கா சொன்ன வெள்ளைப்பூ சாதிய வெளிவாசப்படி ஓரமா வலைக்குள்ள வைக்கலாம்னு இருக்கேன்.

அப்பத்தா வாய பாத்தேன். எடது கன்னத்து உள்ள வெள்ளையா ஒரு படலம் இருக்கு, ஒரு ரூவா காசு அளவு. வியாழக்கெழம டாக்டர பாக்குறோம். புகையிலை இலை சரியா காயல, தேறலன்னு சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு செடி பூத்துச்சா அது போதும்னு சொன்னாங்க. நாற்காலி போட்டு பால்கனில உக்காந்து பூவ பாத்துக்கிட்டு இருக்காங்க.

வேடசந்தூர்_வெள்ளாமை:

பாப்பா நல்லா இருக்குல்ல, அது போதும். அப்பத்தாவுக்கும் ஒண்ணும் இருக்காது, வியாழக்கெழம பாத்துட்டு வந்து சொல்லுங்க.

தம்பி, ஒண்ணு கேக்கணும். எங்க பக்கம் அந்தக் காலத்துல வட்டக்கப்பல், ஊசிக்கப்பல்னு ரெண்டு நாட்டுச் சாதி இருந்துச்சு. ராஜமுந்திரில 1947ல மத்திய புகையிலை ஆராய்ச்சி நிலையம்னு தொடங்குனதோட கிளை எங்க வேடசந்தூர்லயே இருக்கு, அங்கேர்ந்து அபிராமி, மீனாட்சின்னு புது சாதியெல்லாம் வந்தப்புறம் பழசு எங்க வீட்ல இல்லாமப் போச்சு, இருபது வருஷத்துக்கு மேல ஆகுது. உங்க தாத்தா டப்பால இருந்தது எதுன்னு பாக்கணும், இலை நுனியும் பூவும் தெரியுற மாதிரி ரெண்டு போட்டோ போடுங்க. பால்கனில நல்லா இருக்குற ஒரு செடில பூக்கொத்துக்கு மெல்லிசு துணிப்பை கட்டி விடுங்க, வேற மகரந்தம் படாம தானாவே காய் புடிக்கும். காய் பழுப்பாகி உலுக்குனா கலகலன்னு சத்தம் வர்றப்ப, காஞ்ச பகல்ல, கையுறை போட்டு வெட்டுங்க. ஒரே காய்ல ஆயிரக்கணக்குல வெதை இருக்கும். தேமல் வந்த செடிலேர்ந்து மட்டும் எடுக்காதீங்க.

ஒரே ஒரு காய் எனக்கு தபால்ல அனுப்புங்க தம்பி, தபால் செலவு நான் தர்றேன்.

நாயுடுபுரம்_மாடிவீடு:

காசெல்லாம் வேண்டாம்ணே. இப்பத்தான் பழைய வேட்டிய கிழிச்சு பை தச்சு கட்டிட்டு வந்தேன், தாத்தா வேட்டிதான். வெயில் வந்ததும் போட்டோ போடுறேன், இங்க மூணு நாளா பனி வெலகல.